முதல் தடவையாக ஓரங்க நாடகம் இயக்கப் போகிறவர்களுக்கு

குழுவில் ஒன்றிரண்டு வருடம் நடித்திருப்பீர்கள், நாற்காலி தூக்கியிருப்பீர்கள், யாராவது ஒத்திகைக்கு வராத அன்றைக்கு அவருடைய வசனத்தைப் படித்திருப்பீர்கள். இப்போது அடுத்த ஓரங்க மாலையில் ஒரு நாடகத்தை நீங்களே இயக்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே மாலையில் நான்கு நாடகங்கள், நான்கு பேருமே புது இயக்குநர்கள், ஆளுக்கு 25 நிமிடம். அப்படி ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் போடுகிற குழுக்களை மனதில் வைத்துச் சொல்கிறேன், மற்ற ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

அன்றைக்கு மேடையில் உங்களுடையது தனி நாடகம் இல்லை. விளக்கு, மேசை, ஒத்திகைக்குக் கிடைக்கும் அரங்க நேரம், பார்க்க வந்தவர்களின் பொறுமை, எல்லாமே மற்ற மூன்று பேரோடு பங்கு. பிரதியைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளிலேயே இதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறவர்களின் நாடகம்தான் அநேகமாக நன்றாக வருகிறது. கடைசி வாரத்தில் இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் பாவம், ஆசை ஆசையாக யோசித்து வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிரதி

இரண்டிலிருந்து நான்கு பாத்திரங்கள், ஒரே இடம், இடையில் காலம் தாவாத கதை. முதல் நாடகத்துக்கு இது போதும். ஏழு பேர் நடிக்கும் பிரதியை எடுத்தால் ஆறு வாரமும் நீங்கள் இயக்குநராக இருக்க மாட்டீர்கள், யார் எப்போது வருவார்கள் என்று போன் போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிரதியைச் சத்தமாகப் படியுங்கள். உட்கார்ந்து படிக்கும்போது 20 நிமிடம் வந்தால் மேடையில் 25 ஆகும், ஏனென்றால் நடப்பது, எழுவது, பேசாமல் இருப்பது, சிரிப்பு அடங்கக் காத்திருப்பது எதுவும் படிக்கும்போது கணக்கில் வராது. நான்கு நாடகம் 100 நிமிடம், இடைவேளை 15, அறிவிப்பும் மேடை மாற்றமும் இன்னொரு 15. ஏழு மணிக்குத் தொடங்கினால் 9.10க்கு முடியும். ஆளுக்கு எட்டு நிமிடம் கூடினால் 9.40 தாண்டிவிடும், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நான்காவது நாடகம் நடக்கும்போதே எழுந்து போவார்கள். உங்கள் எட்டு நிமிடத்துக்கான விலையைக் கடைசியில் வருகிற சக இயக்குநர் கொடுக்க வேண்டியிருக்கும்.

உரிமை விஷயத்தை முதல் வாரமே முடித்துவிடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஓர் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புக்குக் காப்புரிமை உண்டு. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல் வேலையும் பிறகு நீதிபதி வேலையும் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதி, நடித்து, நடத்திய பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் காலமானார். அவருடைய நாடகங்களுக்கு அந்த 60 ஆண்டு 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. அவருடைய பல நாடகங்கள் நீளமானவை, ஆனால் பயில்முறை நாடகக்காரர்கள், அதாவது பிழைப்புக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக நாடகம் போடுகிற நம்மைப் போன்றவர்கள், ஒரு தடவையாவது புரட்டிப் பார்க்க வேண்டியவை. புதுமைப்பித்தன் கதையை நாடகமாக்க நினைத்தால் பிரச்சினையே இல்லை, அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1904இலேயே போய்விட்டார், அவருடைய ஓரங்கங்களை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் நீங்கள் கையில் எடுக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, மொழிபெயர்த்தவரிடம் கேட்க வேண்டும்.

பயில்முறைக் குழு ஒன்று, கட்டணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு நாடகம் போட்டால் அது காப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. நன்கொடைச் சீட்டு, டிக்கெட் என்று பணம் வாங்க ஆரம்பித்தால் அந்த விலக்கை நம்பாதீர்கள். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, பெரும்பாலான எழுத்தாளர்கள் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்கள், தங்கள் நாடகம் மேடையேறுவதைப் பார்க்க வரவும் செய்கிறார்கள். கேட்காமல் போட்டுவிட்டு அவர் காதுக்கு விஷயம் வேறு வழியாகப் போவது அசிங்கம்.

இன்னொன்று. முன்பெல்லாம் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அடிப்படையாக இருந்த 1954ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தை எதிர்த்து பரீக்ஷா குழுவின் ஞாநி வழக்குப் போட்டார், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு நாடகக்காரர் நமக்கெல்லாம் சேர்த்துச் செய்து கொடுத்த காரியம் இது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரங்க நிர்வாகம் ஏதாவது கடிதம் கேட்கிறதா என்பதை மட்டும் மாலையை ஒருங்கிணைப்பவர் விசாரித்துக்கொள்ளட்டும்.

ஆட்கள்

நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தனித்தனியாகப் படிக்கச் சொல்லாதீர்கள், இரண்டிரண்டு பேராகப் படிக்கவிட்டு ஜோடியை மாற்றி மாற்றிப் பாருங்கள். தனியாக அசத்துகிற சிலர் எதிராளி பேசும்போது காதை மூடிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பார்கள். எதிராளியைக் கவனிக்கத் தெரிந்தவரை எடுங்கள், மீதியைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

காலண்டரையும் அன்றைக்கே விரித்துவிடுங்கள். யாருக்கு நைட் ஷிப்ட், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மாதக் கடைசியில் ஆபீசை விட்டு நகர முடியாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லா ஒத்திகைக்கும் வரக்கூடிய சுமாரான நடிகர், பாதி நாள் வராத அபாரமான நடிகரை விட உங்கள் நாடகத்துக்கு நல்லது. அப்புறம், உங்கள் நாடகத்தில் நீங்களே நடிக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், அது நீங்கள்தான்.

ஒத்திகை

ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். 36 மணி நேரம் கேட்க அதிகமாகத் தெரியும், டிராபிக்கில் தாமதமாக வருவது, டீ, மழை எல்லாம் போக 25 மணி நேரம் உருப்படியாகக் கிடைத்தால் பெரிது. முதல் வாரம் உட்கார்ந்து படிப்பது, அடுத்த இரண்டு வாரம் மேடை அசைவு (யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது), மூன்றாவது வாரக் கடைசியில் எல்லோரும் பிரதியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான ஒத்திகையே ஆரம்பிக்கிறது, கையில் தாள் இருக்கும்வரை யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

படிக்கும் வாரத்தில் நாடகத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுங்கள், 'காபி', 'பத்திரம்', 'அம்மா பேச்சு' என்று சாதாரணமாகவே இருக்கட்டும். 25 நிமிட நாடகத்தில் எட்டு, பத்துப் பகுதி வரும். இதற்கு இரண்டு உபயோகம். 'பத்திரத்திலிருந்து எடுப்போம்' என்று சொன்னால் எல்லோரும் உடனே அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். நிகழ்ச்சி அன்று யாராவது வசனத்தை மறந்தால், ஒவ்வொரு பகுதியின் முதல் வசனமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும், யாராவது ஒருவர் அடுத்த பகுதிக்கு நாடகத்தை இழுத்துக்கொண்டு போய்விடலாம். திரைக்குப் பின்னால் ஆள் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பதை விட இது ரொம்பப் பத்திரமான வழி.

நடிகரிடம் என்ன சொல்வது என்பதில்தான் புது இயக்குநர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பூர்வீக வீட்டை விற்கிற பத்திரம் மேசைமேல் இருக்கிறது. தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை, எழுந்து செருப்பை மாட்டப் போகிறான். அண்ணன் கேட்கிறார்: "காபி சாப்டுறியா?" தம்பி: "வேண்டாம்ணே."

அண்ணனாக நடிப்பவரிடம் 'இதைக் கொஞ்சம் சோகமாகச் சொல்லுங்கள்' என்றால் அவர் குரலைத் தணித்து, தலையைக் குனிந்து, எங்கேயோ பார்த்துச் சொல்வார். சோகம் மாதிரி இருக்கும், தம்பிக்கு அதில் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாக, 'அவன் வாசலைத் தாண்டிவிட்டால் திரும்பி வர மாட்டான், இந்தக் காபியை வைத்து அவனை நிறுத்துங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக டம்ளருக்குப் போகும், கண் தம்பியின் செருப்பைப் பார்க்கும், 'காபி' என்பது கொஞ்சம் அவசரமாக வரும். அதே ஒத்திகையில் தம்பியிடம் தனியாக, 'அண்ணன் கையால் எதையாவது வாங்கிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவோமோ என்று உனக்குப் பயம்' என்று சொல்லுங்கள். "வேண்டாம்ணே" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு சண்டை வந்துவிடும். கெஞ்சு, மடக்கு, சீண்டு, சமாதானப்படுத்து, தவிர்த்துவிடு என்று எதிராளிமேல் செய்யக்கூடிய வினைச்சொற்களாகக் கொடுங்கள். கோபம், சோகம், விரக்தி என்று உணர்ச்சியின் பெயரைச் சொன்னால் நடிகர் அந்த முகத்தைப் போட்டுக் காட்டுவார், அதோடு நின்றுவிடும்.

தமிழில் நடிப்பவர்களுக்கு இன்னொரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வாக்கியத்தில் முக்கியமானது கடைசியில்தான் வருகிறது. செய்தானா, செய்யவில்லையா, செய்வானா, யார் செய்தார் என்பதெல்லாம் வினைமுற்றில் இருக்கிறது. மூச்சுத் தீர்ந்து குரல் கடைசியில் இறங்கிவிட்டால், "நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்ல" என்பதில் 'இல்ல' விழுங்கப்பட்டு, ஆறாவது வரிசையில் இருப்பவருக்குப் போனான் என்றே கேட்கும். ஒத்திகையில் ஒரு நாள் முழுக்க நீங்கள் தூரமாகப் போய் உட்கார்ந்து, வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி பழைய அரங்கில் மைக் இல்லாமலே குரல் போகும், ஆனால் கடைசி அசையைக் கைவிடாத குரல்தான் போகும். சபா மேடைகளில் மைக் இருக்கும், அங்கே வேறு ஆபத்து: நடிகர்கள் அறியாமலே மைக்குக்குக் கீழே போய் வரிசையாக நின்றுவிடுவார்கள். மைக் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், நடிகர்களிடம் அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

பேச்சு வழக்கையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். நடிகருக்குத் திருநெல்வேலிப் பேச்சு இயல்பாக வருமென்றால், பாத்திரம் இடம் கொடுத்தால், அதையே பேசவிடலாம். வராத வழக்கைக் கஷ்டப்பட்டுப் பேசவைத்தால் முழு நாடகமும் அந்த உச்சரிப்பைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும்.

மேடை அசைவுக்கு முன் அரங்கத்துக்கு நேரில் போய் டேப் வைத்து அளந்துவிடுங்கள். 24 அடி அகலம், 18 அடி ஆழம் என்றால் மொட்டை மாடியில் சாக்பீஸால் அதே அளவில் கோடு போட்டு, கதவு எங்கே, படுதா எங்கே என்று குறித்துக்கொண்டு ஒத்திகை பாருங்கள். வீட்டு ஹாலில் பழகியவர்கள் பெரிய மேடைக்கு வந்தால் நடுவில் ஒரு ஜமக்காள அகலத்துக்குள்ளேயே ஒண்டிக்கொண்டு நிற்பார்கள்.

நான்காவது வாரம் குழுவின் மூத்தவர்கள் யாரையாவது ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவர்கள் கருத்தை உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டும், நடிகர்களிடம் சொல்லக் கூடாது. மரியாதையாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி நடிகர் நடுவில் மாட்டிக்கொண்டால் அவரை மீட்டெடுக்கவே ஒரு வாரம் ஆகிவிடும்.

மேசை, நாற்காலி, விளக்கு, பாட்டு

நான்கு இயக்குநர்களும் இரண்டாவது வாரமே ஒருமுறை கூடி உட்கார வேண்டும். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒன்றரை அடி உயரத்தில் கறுப்பு அடித்த பிளைவுட் பெட்டிகள் நான்கு. இவ்வளவுதான் பொது. இதற்குமேல் வேண்டுமென்றால் ஒருவர் கையால் தூக்கிக்கொண்டு வரக்கூடிய பொருளாக இருக்கட்டும். கட்டில் வேண்டுமா, இரண்டு பெட்டியைச் சேர்த்துப் போட்டு ஒரு போர்வை விரித்தால் கட்டில்தான், பார்க்கிறவர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். தண்ணீர் கொட்டுவது, அரிசி இறைப்பது, மாவு தூவுவது உங்கள் நாடகத்தில் இருந்தால் அடுத்த நாடகத்து நடிகர் வழுக்கி விழுவார் என்பதை நினைத்துப் பாருங்கள். நெருப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவாக இருந்தாலும் அரங்கத்தில் கேட்காமல் ஒத்திகையில்கூடச் சேர்க்காதீர்கள்.

மேடைமாற்றம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். யார் எதைத் தூக்குவது என்று பெயர் போட்டு எழுதுங்கள், 'எல்லோரும் சேர்ந்து மாற்றிவிடலாம்' என்றால் மேசையை மூன்று பேர் தூக்குவார்கள், தண்ணீர்ச் செம்பை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு நிற டேப் வைத்து நாற்காலிக் கால்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் ஒட்டுங்கள். இருட்டில் நடிகர் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு, மேடை விளிம்புக்கு ரேடியம் டேப் துண்டு. கும்மிருட்டில் சாமான் மாற்றுவதை விட மங்கலான நீல வெளிச்சத்தில் மாற்றுவது நல்லது, யாருக்கும் முட்டி பெயராது, பார்வையாளர்களும் அதை ஒரு காட்சியாகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விளக்கு வாடகைக்கு வருகிறது, போடுபவர் மதியம்தான் வருவார், உங்கள் நாடகத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார். மேடை முழுவதற்கும் ஒரு பொது வெளிச்சம், உங்களுக்கென்று ஒன்றோ இரண்டோ தனி விளக்கு, அதற்குள் நாடகத்தை யோசியுங்கள். அவருக்கு ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் கொடுங்கள்: மாற்றத்தின் எண், எந்த வசனத்தில் அல்லது எந்தச் செயலில், என்ன மாற வேண்டும், எத்தனை நொடியில். 'அண்ணன் டம்ளரைக் கீழே வைத்ததும், மேசைமேல் மட்டும் வெளிச்சம், 5 நொடியில்.' இப்படி எழுதினால் எந்த ஆபரேட்டரும் சரியாகச் செய்துவிடுவார். ஏழெட்டு மாற்றங்களுக்கு மேல் போகாதீர்கள்.

சினிமாப் பாட்டு, ரெக்கார்டு செய்த இசை போடுவதாக இருந்தால் அதற்கும் உரிமம் இருக்கிறது, ஐபிஆர்எஸ், பிபிஎல் என்று இரண்டு அமைப்புகளை விசாரிக்க வேண்டிவரும். என்னைக் கேட்டால், குழுவிலேயே கஞ்சிரா வாசிக்கத் தெரிந்த ஒருவரை மேடை ஓரத்தில் உட்காரவைத்துவிடலாம். நடிகர் ஒரு நொடி தாமதித்தால் அவரும் தாமதிப்பார், ஸ்பீக்கர் தாமதிக்காது.

அந்த நாள்

அரங்கம் மதியம் இரண்டு மணிக்குக் கையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு கட்டி முடிக்க நான்காகும். 6.30க்கு மேடையைக் காலி செய்தாக வேண்டும். இடையில் 150 நிமிடம், நான்கு நாடகம், மாற்றும் நேரம் போக உங்களுக்கு 35 நிமிடம் கிடைத்தால் அதிகம். இதில் நாடகத்தை முழுதாக ஓட்டிப் பார்க்க முடியாது, ஆசைப்படவும் கூடாது. வெளிச்சமோ ஒலியோ மாறுகிற இடங்கள், நடிகர் வந்து போகிற இடங்கள், அவற்றை மட்டும் முன்னால் இரண்டு வசனம், பின்னால் இரண்டு வசனம் வைத்துத் தாண்டித் தாண்டிப் பாருங்கள். முழு ஒத்திகை முந்தின வாரமே உடையோடு முடிந்திருக்க வேண்டும்.

இந்த ஒத்திகையைக் கடைசி நாடகத்திலிருந்து பின்னோக்கி நடத்துங்கள். நான்காவது முதலில், முதலாவது கடைசியில். அப்போது ஒத்திகை முடியும்போது முதல் நாடகத்துக்கான சாமான்கள் மேடையில் தயாராக இருக்கும், டேப் ஒட்டிய இடத்திலேயே இருக்கும், திறந்துவிட வேண்டியதுதான்.

மாலை முழுவதற்கும் ஒரே மேடை மேலாளர். நான்கு நாடகத்துக்கும் சேர்த்து அவர் சொல்வதுதான் முடிவு. 6.30க்குப் பிறகு நாடகம் உங்களுடையது இல்லை, அவருடையதும் நடிகர்களுடையதும். புது இயக்குநர்களுக்கு இது கஷ்டம்தான், விங்ஸில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், நின்றுகொண்டு உள்ளே போகப்போகிற நடிகரின் தோளைப் பிடித்துக் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கும். சொல்லாதீர்கள். அவர் அதையே நினைத்துக்கொண்டு முதல் வசனத்தைக் கோட்டைவிடுவார். கடைசி இரண்டு நாளுமே எதையும் மாற்றக் கூடாது. பார்வையாளர்களோடு போய், பின்வரிசையில் உட்காருங்கள். மேடையைப் பார்ப்பதோடு சேர்த்து முன்னால் இருக்கும் தலைகளையும் பாருங்கள். எங்கே அசைகிறார்கள், எங்கே மொபைல் வெளிச்சம் வருகிறது, எங்கே மொத்த வரிசையும் அப்படியே இருக்கிறது என்று நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். வேறு எந்த விமர்சனமும் இவ்வளவு துல்லியமாக இருக்காது.

முடிந்ததும் கலந்துரையாடல் வைத்தால் கேள்விகளுக்கு நடிகர்களைப் பேசவிடுங்கள். நாடகத்தின் அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால், உங்களுக்கு என்ன தோன்றியது என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். குறை சொல்பவருக்கு அங்கேயே பதில் சொல்லி ஜெயிக்க வேண்டியதில்லை.

அப்புறம் தரையிலிருந்து டேப்பை உரிப்பது, வாடகைச் சாமானை எண்ணிக் கொடுப்பது, உடைகளைப் பிரிப்பது. இயக்குநர்கள் நால்வரும் இதில் நிற்க வேண்டும், போட்டோ எடுத்துக்கொள்வதை அரை மணி கழித்து வைத்துக்கொள்ளலாம். அசைவுகளைக் குறித்த பிரதி, விளக்குப் பட்டியல், சாமான் பட்டியல், யார் எதைத் தூக்கினார்கள் என்ற தாள், நீங்கள் இருட்டில் கிறுக்கிய நிமிடக் குறிப்பு, ஐந்தையும் ஒரே கவரில் போட்டு வைத்துவிடுங்கள். ஓரங்க நாடகத்துக்குத் திடீரென்று கல்லூரியிலிருந்தோ வேறு ஊர்க் குழுவிடமிருந்தோ அழைப்பு வரும், பத்து நாள்தான் கொடுப்பார்கள். அந்தக் கவர் இருந்தால் நான்கு ஒத்திகையில் நாடகத்தை மறுபடி மேடையேற்றிவிடலாம்.